ரியாக்டிவ் மருமகள்

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் ‘ரியாக்‌ஷன்’ என்றால் யாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. பட்டாசு மருந்துக் கலவை தானாகச் சூடேறிப் புகைவதற்குத்தான் அந்தப் பேர். அதைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட ஃபோர்மேனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். அப்படிப்பட்ட ஊரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறவள், ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாமா? நான் கொடுத்தேன். சிவப்பைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, கம்ப்யூட்டர். அதற்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

அந்த ரிப்போர்ட் ஒரு நர்ஸ் பெண்ணுடையது. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மஞ்சள் காமாலை ‘பி’ வராமலிருக்க மூன்று ஊசியும் போட்டிருந்தாள். ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். கிருமியின் மேலுறையில் இருக்கிற பொருள் ஆன்டிஜென். அதை எதிர்க்க உடம்பு செய்து வைத்துக்கொள்வது ஆன்டிபாடி. அவள் ரத்தத்தில் முன்னது துளியும் இல்லை, பின்னது வேண்டிய மட்டும் இருந்தது. ஆன்டிபாடிக்கு எதிரேதான் அந்தச் சிவப்பு ‘ரியாக்டிவ்’; ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அச்சாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். அன்று சாயங்காலம் தன்னுடைய சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்க வந்தவர், மருமகளுடையதும் இருந்தால் கொடு, போகிற வழிதானே என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை லேப் திறக்கும் முன்பே தன் மச்சினனோடு வாசலில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. பெண்ணின் ரத்தம் ரியாக்டிவ், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டாராம். மச்சினன் ஒரு படி மேலே போய், அவள் பக்கத்தில் நின்று சாமிக்கு விளக்கேற்றலாமா என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். உங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் மணல் வாளி தொங்குகிறதே, ஆன்டிபாடி அந்த வாளி. ஆன்டிஜென்தான் தீ. வாளி தொங்குவதால் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தமா?

ஃபோர்மேன் விடவில்லை. “தீ வரும்னு தெரிஞ்சுதானம்மா வாளி வைப்பாக,” என்றார்.

இதற்குமேல் வாயால் ஆகாது என்று, உங்கள் மகனையும் அனுப்புங்கள், பார்த்துவிடலாம் என்றேன். மாப்பிள்ளை வந்தான். நல்ல வாட்டசாட்டம். கையை நீட்டினான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், பஞ்சை அமுக்கிக்கொண்டே எழுந்து போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ரத்தத்தில் ஆன்டிஜென்னும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. இரண்டுக்கு எதிரேயும் கறுப்பில் ‘நான்-ரியாக்டிவ்’.

அதைப் பார்த்த ஃபோர்மேனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. போனை எடுத்து ஆலங்குளத்துச் சகலை வரைக்கும், மகன் சுத்தமான நான்-ரியாக்டிவ் என்று தகவல் சொன்னார். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, உங்கள் மகனுக்கு நோய் இல்லை, சரி, வாளியும் இல்லை, நாளைக்கே தீ வந்தால் அணைக்க எதுவும் கிடையாது என்றேன். வாளி இல்லாத ஷெட்டை இன்ஸ்பெக்டர் இழுத்துப் பூட்டிவிடுவார் என்று அவருக்கா தெரியாது? போனைச் சட்டைப் பையில் போட்டார். தலையைச் சொறிந்தார். கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கட்டும், பெண் வீட்டுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார்.

ஒரு கல்யாணத்தையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் இருந்தேன். அந்த மாதிரி நாள் லேப்காரிக்கு எத்தனை வரும்? மத்தியானம் அந்தப் பெண் டியூட்டி உடையிலேயே வந்தாள். நடந்ததையெல்லாம் வாளி, தீ உட்பட ரசித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“ரத்தம் குடுக்க வந்தாகல்ல, அவுக என்னயப் பத்தி எதுவும் கேட்டாகளாக்கா?”

இல்லை என்றேன்.

“எனக்கு ஒரு போன்கூட வரல. கல்யாணம் வேண்டாம்னு நான் வீட்டுல சொல்லிட்டேன்,” என்றாள்.

அவசரப்படாதே என்று ஆரம்பித்தேன். அவள் கைகாட்டி நிறுத்தினாள்.

“என் ரிப்போர்ட்ட அவுக அப்பா கையில யாருக்கா குடுத்தது?”

அதுவரை கம்ப்யூட்டரையும் ஃபோர்மேனையும் கேலி பேசிக்கொண்டிருந்த வாய் எனக்கு. “நாந்தான்,” என்றேன்.

அவள் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும், இன்னொரு நகல் வேண்டும் என்றாள். அச்சடித்தேன். கவரில் போட்டு ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்தேன்.