பகலில் உறங்கியவரின் மனைவி

தெருவில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. முப்பத்தொரு வருடம் காலை ஏழு மணிக்கு வந்து படுத்தவர். அவர் உறங்கும்போது அவள் வீட்டைக் காத்தாள். கதவுக் கீலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய். மகள் பாடத்தை உதட்டசைவில்தான் படித்து வளர்ந்தாள்.

“காவல்காரனுக்கே காவலா?” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

“உஷ்,” என்பாள் இவள்.

அதை அன்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பழக்கமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அவருக்கு நெஞ்சைத் திறந்து இதயத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நான்காம் நாள் வார்டுக்கு மாற்றியபோது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். நெஞ்செலும்பு கூடும்வரை கையை ஊன்றி எழக் கூடாது. நன்றாகத் தூங்க வேண்டும்.

வார்டில் புதிதாகத் தூக்கத் திட்டம் ஒன்று வந்திருந்தது. இரவு பத்துக்கு விளக்கணைத்துக் கண்பட்டி மாட்டிவிடுவார்கள். பகலில் யாரும் கண்ணயரக் கூடாது. தலைமை நர்ஸ் அவளுக்கு ஒரு முக்காலி போட்டாள்.

“கண்ணு சொருகினா தட்டி எழுப்புங்கம்மா.”

“அவர் பகல்லதாம்மா தூங்குவார். வேலை அப்படி.”

“இங்க அவர் வாட்ச்மேன் இல்ல, பேஷண்ட். கெட்ட பழக்கம், இதோட ஒழியட்டும். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, துணைக்கு வேற ஆளைப் போடுறோம்.”

அவரை விட்டுப் போக மனமில்லை. எழுப்பினாள். முதலில் குரலால், பிறகு கால் கட்டைவிரலைக் கிள்ளி, மறுநாள் ஈரத் துணியால்.

“ஏண்டி, நீயுமா?”

“சொல்றாங்க இல்ல. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

“ஊரே எழுப்பினாலும் நீ எழுப்ப மாட்டேன்னு நினைச்சேன்.”

இரவில் அவர் கண்பட்டிக்குள் விழித்தே கிடந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, ‘உறக்கம் நன்று’ என்று எழுதிப் போனாள்.

வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாலை அவர் பேச்சு குழறியது. “கிடங்கு கேட்டு திறந்து கிடக்கு,” என்றார். அவள் துணியைப் பிழியத் திரும்பிய நேரத்தில் இரு கைகளையும் ஊன்றி எழுந்தார். அவர் நெஞ்சுக்குள் நறுக்கென்றது அவளுக்கே கேட்டது.

எலும்பைக் கட்டிய கம்பி விட்டுப்போயிருந்தது. மறுபடி அறுத்தார்கள். திரும்பி வந்தபோது அவர் கைகள் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. ‘சொல் பேச்சு கேளாமல் எழுந்தார்’ என்று எழுதிய தாளில் நர்ஸ் அவளிடம் கையெழுத்து வாங்கினாள்.

“இப்ப தூங்கட்டும். பகலானாலும் பரவாயில்ல,” என்றாள், பெரிய மனதோடு.

காலை பதினோரு மணி. அவர் இமைகள் தாழ்ந்தன. போர்வையைச் சரிசெய்ய அவள் கையை நீட்டினாள். அவர் உடல் தூக்கிப்போட்டது.

“தூங்கல,” என்றார், கண்களை அகலத் திறந்து. “நான் தூங்கல.”

“இல்லங்க, தூங்குங்க. நான் எழுப்ப மாட்டேன்.”

அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் இருக்கும்வரை அந்தக் கண்கள் மூடப் போவதில்லை என்பது அவளுக்கு விளங்கியது. முக்காலியைத் தூக்கி, உரசாமல் ஓரமாக வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள், முப்பத்தொரு வருடமாகச் சாத்தியதுபோலவே, சத்தமில்லாமல்.

உள்ளே அவர் உறங்கிப்போனார்.