மழை வந்தால் திறக்கும் வால்வு

சாயப்பட்டறையில் அவரை எல்லோரும் 'வால்வு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மழை கொட்டத் தொடங்கியதும் பின்பக்கம் ஓடி, கழிவுத் தொட்டியின் வால்வைத் திறக்க வேண்டும். கலங்கிய வெள்ளத்தோடு சாயமும் ஆற்றில் போய்விடும். யார் கண்ணிலும் படாது. பதினெட்டு வருடம் இப்படி உழைத்துத்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தார்.

அந்த மகள் பள்ளியின் கல்விச் சுற்றுலாவில், அதே ஆறு பாய்ந்து போகும் பக்கத்து நாட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஒரு வீட்டில் தங்கிவிட்டு வந்தாள்.

"ஊரெல்லாம் எப்படிடி?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு அங்க ஒரு தங்கச்சி கிடைச்சிருக்காம்மா. காலையில பசங்களோட ஆத்துக்கு ஓடுவா. இன்னைக்குத் தண்ணி என்ன கலர்னு பந்தயம். தப்பாச் சொன்னவங்க மத்தவங்க பையைத் தூக்கணும்."

"நல்ல விளையாட்டுதான் போ."

"மண்ணு அங்க போறதுக்குள்ள தெளிஞ்சிடுது, சாயம் தெளியறதில்ல. அதுலதான் குளிக்கிறா. கையெல்லாம் சொறி. மேல யாரு இதைத் திறந்து விடறாங்கன்னு கேட்டா. எங்கப்பான்னு சொல்லாம பேச்சை மாத்திட்டேன்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தந்தை தட்டைத் தள்ளி வைத்தார். அதன்பின் இரண்டு நாள் மகள் அவரோடு பேசினாள், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. மேஸ்திரி குடையோடு வந்தார்.

"என்னண்ணே, மழைய ரசிக்கிறீங்களா? திறங்க."

"திறக்க மாட்டேங்க. சுத்தம் பண்ற மெஷினை ஓட்டுங்க."

"அது அதிகாரிங்க வந்தா காட்டறதுக்கு. தொட்டி வழியப்போகுது. உங்க வேலைக்கு வாசல்ல பத்து பேர் நிக்கிறான், தெரியுமில்ல?"

"அவங்களுக்கும் பொண்ணு இருக்கும். மனசு வந்தா வந்து திறக்கட்டும்."

சொல்லிவிட்டு வால்வின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தன் இயந்திரத்தை நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். பட்டறையே அடங்கியது. மேஸ்திரி தொலைபேசியில் முதலாளியிடம் அரைமணி நேரம் திட்டு வாங்கினார்.

"ஓட்டித் தொலைக்கச் சொல்லிட்டாரு. உங்களை நாளைக்கு வந்து பாக்கச் சொன்னாரு."

வருடக்கணக்கில் தூங்கிய மெஷின் முனகியது, இருமியது, ஓடியது.

மாலையில் தொப்பலாக நனைந்து வீடு வந்தவரின் தலையை மகள்தான் துவட்டினாள்.

"வேலை இருக்காப்பா?"

"நாளைக்குத்தான் தெரியும்மா. ஆனா இன்னைக்கு ஒரு சொட்டுகூட ஆத்துல விடல."

அவள் துண்டை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு நானும் உங்ககூட வரேன்," என்றாள்.