அணைக்காத கரி

மாடியில் மகன் பழைய லாரி ரிம்மைச் செங்கல்மேல் ஏற்றி, கரி மூட்டி, சைக்கிள் கம்பிகளில் கோழித்துண்டுகளைக் கோத்துச் சுடுகிறான். கொழுப்பு சொட்டிக் கரி சீறும் அந்த வாசனை என்னைப் புதுச்சத்திரத்தில் லாரிகளுக்கு பாடி கட்டிய அப்பாவின் பட்டறைக்கு இழுத்துப் போகிறது.

இப்போது அகலப்படுத்திய ரோட்டுக்கு அடியில் போய்விட்ட அந்த இடத்தில், புது வண்டி கிளம்பும் நாளெல்லாம், பெயின்ட் வாடையும் மரத்தூளும் கலந்த காற்றில், இதேபோல் ஒரு ரிம் அடுப்பில் எல்லோருக்கும் கோழி வேகும். தின்று முடித்ததும் வண்டியை எடுக்கும் டிரைவரே தண்ணீர் தெளித்து நெருப்பை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், பின்னால் நெருப்பை விட்டுப் போகக் கூடாது என்பது பட்டறை வழக்கம்.

டிரைவராக இருந்த சித்தப்பா ஒருமுறை அவசரத்தில், "வந்து அணைச்சுக்கறேனுங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அப்பா திட்டிக்கொண்டே நின்றார், ஆனால் அணைக்கவில்லை. தம்பி வந்தே அணைக்கட்டும் என்று தினமும் சாம்பலைக் கிளறிக் கரி போட்டார். சித்தப்பாவின் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கி, சுடுகாடு சேர்த்துவிட்டு வந்த அன்றும் போட்டார்.

சாப்பிட்டு முடித்த மகன் தண்ணீர்ச் செம்போடு அடுப்பருகே குனிகிறான்.

"ஊத்தாத சாமி," என்கிறேன். "அதுவா அணையட்டும்."