கமிலாவுக்கு ஆள் இருக்கிறது

மகளைக் கூட்டிவரப் போன இடத்தில் இன்று வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

துபாயில் வேலை பார்க்கும் லத்தீன் அமெரிக்கர்கள், தங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேலை வழி காட்ட நடத்தும் கூட்டம் அது. மகளின் கொலம்பியாக்காரத் தோழி கமிலா அவளையும் அழைத்துப் போயிருந்தாள்.

வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பெண் மேனேஜர் கமிலாவின் கையைப் பிடித்து மேஜை மேஜையாகக் கூட்டிப்போய், "இவள் எங்கள் பெண், நாளைக்கு ஒரு டீமையே நடத்துவாள்" என்று அறிமுகம் செய்தார். இருவருக்கும் இன்றுதான் பழக்கமாம்.

என் பக்கத்தில் கோட் போட்ட விருந்தாளி ஒருவர். பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை என்றார். முகத்தைப் பார்த்தால் நம்மூர்தான். ஆனாலும் இருவரும் ஆங்கிலத்திலேயே வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு போன் வந்தது. "சொல்லும்மா. இட்லி மாவுதானே, கராமா மார்க்கெட்டுல வாங்கிட்டு வரேன்."

அதே நேரம் மகள் வந்து, "அப்பா, போலாமா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆங்கிலத்திலேயே விடைபெற்றோம்.

காரில் மகள் சொன்னாள். "அந்த மேனேஜர் ஆன்ட்டி என்னோட சி.வி.யும் வாங்கிக்கிட்டாங்கப்பா. நமக்கு இந்த மாதிரி குரூப் இல்லையா?"

"ஏன் இல்ல? பொங்கலுக்குக் கூடுறோமே."

"அதுல சாப்பாடுதானே போடுவாங்க."

இங்கே முன்பின் தெரியாத தமிழரிடம் முதலில் தமிழில் பேசியவர்கள் கமென்டில் கை தூக்குங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.