ஒரு மொட்டையும் என் இ-சிம்மும்

பிளாஸ்டிக் சிம்மை யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற சந்தேகத்தில், உருவவே முடியாத இ-சிம்முக்கு மாறிய மகா புத்திசாலி நான். அன்று காலை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பழைய சிம் செத்துவிட்டது. புதிய சிம்முக்காக ஸ்கேன் செய்ய வேண்டிய கியூஆர் படமோ என் போனுக்குள்ளேயே இருந்தது. கேமராவைத் திறந்தால் படம் மறைந்துவிடும். பத்து மணிக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அந்த நம்பரில்தான் கூப்பிடுவார்கள்.

பக்கத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"இன்னாபா, தவிச்சிக்கினு கீற? அந்தப் படத்த என் போன்ல புடிக்கிறேன். நீ அத ஸ்கேன் பண்ணு. நெட்டும் நானே தர்றேன்."

இவ்வளவு கருணை எதற்கு? நம்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினால், இத்தனை மொட்டைகள் நடமாடும் திருப்பதியில் எந்த மொட்டை என்று போலீசிடம் அடையாளம் சொல்வேன்? நைசாக அவரை ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் என் போனை நீட்டினேன்.

இரண்டே நிமிடத்தில் டவர் வந்தது. அவர் தன் போனை என் கண்ணெதிரே பிடித்தார்.

"பாத்துக்கோ, உன் கியூஆர் படத்த அழிச்சிட்டேன்." பிறகு தலையைத் தடவிக்கொண்டார். "நீ எடுத்த போட்டோல என் மொட்ட நல்லா வுழுந்துச்சா?"

நான் அசடு வழிவதற்குள் போன் அடித்தது. ஸ்ரீ சிட்டி! பேசி முடித்துத் திரும்பினால் அவர் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது. அவர் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. யார்மேலாவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பேன். அவர் சாந்தமாக நிற்பார். படம் எடுத்தவனின் திருட்டு முழிதான் எனக்கு நினைவுக்கு வரும்.