சூடு இறங்கிய காலை

முனிராஜ் சிவாஜிநகர் மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து மூலிகை விற்றான். நீர்க்கடுப்பு என்று யார் வந்து முகத்தைச் சுளித்தாலும் நெருஞ்சில் முள் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டுவான். “இடிச்சு, கொதிக்க வெச்சுக் குடி. மூணே நாளு, சூடு ஓடிப்போயிடும்.” பலருக்கு ஓடியும் போயிற்று. அவர்கள் திரும்பி வந்து புகழ்ந்து தள்ளுவார்கள். இவனுக்குத் தலைகால் புரியாது. பெங்களூரிலேயே தன்னை மிஞ்சின ஆள் இல்லை என்று ஜீவனஹள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கோடையில் அவன் மனைவி காந்தாவுக்கே நீர்க்கடுப்பு வந்தது. அவளுக்கு மில்லில் வேலை. ஷிஃப்ட் முடிகிறவரை ஒன்றுக்குப் போக மேஸ்திரி விடமாட்டான், பாவி. முதலில் எரிச்சல், பிறகு குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேலே குத்தல். பக்கத்து வீட்டு ஜூடித் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டரிடம் சொல்லி சல்ஃபா மாத்திரை வாங்கி வந்தாள்.

“இதைக் குடு முனிராஜு. நெருஞ்சில் தண்ணிய இறக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். உள்ள இருக்கிற கிருமிய அது சாகடிக்கும்னு யாரும் நிரூபிச்சுக் காட்டல. ஜுரம் வந்துட்டா வெளையாடக் கூடாது.”

“இங்கிலீஷ் மருந்தே சூடும்மா! சூட்டு நோவுக்கு சூட்டு மாத்திரையா?” என்று சிரித்தான். மாத்திரை பிரிக்காமலே கிடந்தது. அவருக்குத் தெரியாததா என்று காந்தாவும் கஷாயத்தையே குடித்தாள். சூடு இறங்கட்டும் என்று கால் கட்டைவிரலில் சுண்ணாம்பும் தடவிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை தொட்டுப் பார்த்தான். கை கால் சில்லென்றிருந்தது, அனத்தலும் நின்றிருந்தது. அப்பாடா! சந்தோஷம் தாங்காமல் வாசலுக்கு ஓடினான். “ஜூடித்தம்மா! சூடு இறங்கிடுச்சு!”

ஜூடித் வந்து நாடியைப் பிடித்தாள். “அடப்பாவி, வண்டியக் கூப்பிடு!” என்று அலறினாள். ஜட்கா ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் காந்தாவின் உயிர் பிரிந்துவிட்டது.

பதினாறு கழிந்ததும் மறுபடி சாக்கை விரித்தான். வேறென்ன தொழில் தெரியும் அவனுக்கு? முதலில் வந்தவளே நெருஞ்சில் கேட்டாள்.

“வாணாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“ஏன்? போன வருஷம் எங்கக்காவுக்குக் குடுத்தியே.”

“அக்கா இப்ப எப்படி இருக்கா?” இத்தனை வருஷத்தில் யாரிடமும் அவன் இப்படிக் கேட்டதில்லை.

“அவ அந்த வாரமே போய்ச் சேர்ந்துட்டா. ஆயுசு அவ்வளவுதான், அதுக்கு உன் மருந்து என்னா பண்ணும்?” என்றபடி அவளே குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.