பிரதம விருந்தினருக்காக நிறுத்திய சேர்வர்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓடுகிற சேர்வரை நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். நான் ஒருமுறை கேட்டேன். கிடைத்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மன்னாரில் ஒரு கந்தோரில் அப்ளிகேஷன் சேர்வர்களைப் பார்ப்பது என் வேலை. அட்மின் கொன்சோல் என்ற ஒரே திரையில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டலாம், நிறுத்தலாம். அதில் ஓடிய ஒன்று, கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும். ஆபத்தென்றால் படகில் பூட்டிய கருவியை அழுத்துவார்கள். எங்கள் திரையில் சிவப்பு எரியும். அதற்கென்று வைத்த திறப்பு விழாவுக்கு முன்னரே அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கடற்றொழிலாளரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

விழாவன்று காலை எங்கள் கந்தோர்ப் பணிப்பாளர் வந்தார்.

"தம்பி, சேர்வரை நிப்பாட்டும்."

"ஏன் சேர்?"

"பிரதம விருந்தினர் ஸ்டார்ட் பட்டனை அமத்தித் திறந்து வைக்கோணும். ஓடிக்கொண்டிருக்கிறதை எப்பிடித் திறக்கிறது?"

"கடலிலை ஆக்கள் நிக்கினம் சேர்."

"பத்து நிமிச வேலை. சொன்னதைச் செய்யும்."

நிறுத்தினேன். குத்துவிளக்கு வைத்தாயிற்று, வாழை கட்டியாயிற்று. பிரதம விருந்தினரைத்தான் காணவில்லை. நம் நாட்டில் எந்தப் பிரதம விருந்தினர் நேரத்துக்கு வந்திருக்கிறார்? மத்தியானமும் ஆனது. வெளியே சோளகக் காற்று இரைந்தது.

அப்போது வங்காலையில் இருந்து மெற்றில்டா அக்கா ஓடி வந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த குடும்பம். கணவர் யூட் அண்ணையின் படகுதான் அவர்களுக்குச் சீவியம்.

"தம்பி, இவர் விடியவே கரைக்கு வந்திருக்கோணும். போனும் வேலை செய்யேல்லை. எங்கை நிக்கிறார் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

பணிப்பாளர் குறுக்கே வந்தார். "அம்மா, விழா முடியட்டும். பிறகு பாத்துச் சொல்லுவம்."

"விழாவோ? என்ரை மனுசன் கடலிலை!"

நான் ஸ்டார்ட்டை அழுத்தினேன். அதுவரை காத்துக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாக ஏறின. அவற்றில் ஒன்று சிவப்பு. யூட் அண்ணையின் படகு. எஞ்சின் நின்று, அரிப்புக் கிராமத்துப் பக்கம், கடலுக்குள் பாறைத்திட்டாய்க் கிடக்கும் கற்பாரை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் வாழை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அனுப்பிய செய்தி அது. உடனே அரிப்புக் கரைக்குப் போன் எடுத்தேன். அங்கிருந்து படகுகள் புறப்பட்டன.

பணிப்பாளர் என் காதருகே குனிந்தார். "சரி, இப்ப திருப்பி நிப்பாட்டும். பிரதம விருந்தினர் வாசலுக்கு வந்திட்டார்."

"என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ சேர். இதை நிப்பாட்டமாட்டன்."

சொல்லிவிட்டு மவுஸின் வயரைக் கழற்றிவிட்டேன்.

பிரதம விருந்தினர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், வயர் கழன்ற மவுஸை அழுத்தினார். சேர்வர் ஓடுகிறது என்று முதலே பச்சை காட்டிய கொன்சோல் பச்சையாகவே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பணிப்பாளரும் தட்டினார்.

யூட் அண்ணை உயிரோடு கரை சேர்ந்தார். படகு பாரில் மோதி உடைந்து போனது. அவர் அழைத்தபோதே ஆட்கள் போயிருந்தால் அதுவும் தப்பியிருக்கும். அதற்கு யாரும் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த விழாவின் படத்தைப் பெரிதாக்கிக் கந்தோர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களை முதல்நாளே அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போவேன். சிரித்தபடி நிற்கும் பெரியவர்களை விட்டுவிட்டு, மேசைக்குக் கீழே தொங்கும் வயரைப் பார்க்கச் சொல்வேன்.